படம் ஓடவில்லையா? பிளேயரை மாற்றும் முன் அறிகுறியைப் பாருங்கள்

சொந்தக்காரர், நண்பர் யார் வீட்டுக் கம்ப்யூட்டரில் படம் ஓடாவிட்டாலும் எனக்கு ஒரு போன் வந்துவிடும். "தம்பி, சத்தம் மட்டும் வருது, படம் வரல." "அண்ணா, நடுவுல நடுவுல நின்னு நின்னு ஓடுது." "எந்த பிளேயர் போட்டா எல்லாம் ஓடும்?" இந்தக் கடைசிக் கேள்விதான் அடிக்கடி வரும். அதற்கு நேராகப் பதில் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன். கேட்பவர் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே மூன்று பிளேயர் இருக்கும், நான்காவதைப் போட்டாலும் அதே கோளாறு அப்படியே நிற்கும். கோளாறு எங்கே என்று தெரிந்தால்தான் பிளேயரை மாற்ற வேண்டுமா, பிளேயருக்குள் ஒரு டிக்கை எடுத்தால் போதுமா, கேபிளை மாற்ற வேண்டுமா என்று சொல்ல முடியும். அதனால் அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன், ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில் வரும். உங்கள் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். முதல் சோதனையை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

## முதல் சோதனை: இரண்டு பிளேயர், இரண்டு ஃபைல்

கம்ப்யூட்டரில் எப்போதும் இரண்டு பிளேயர் இருக்கட்டும். ஒன்று விஎல்சி. அது விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், இலவசம், விளம்பரம் கிடையாது. இன்னொன்று எம்பிவி, அல்லது அதை உள்ளே வைத்துக் கட்டிய பிளேயர். மேக்கில் ஐஐஎன்ஏ, லினக்ஸில் செல்லுலாய்டு, விண்டோஸில் எஸ்எம்பிளேயர் எல்லாம் அப்படிப்பட்டவை. விண்டோஸில் எம்பிசி-எச்சி பழகியிருந்தால் அதுவும் சரிதான். ஆனால் அதன் பழைய குழு 2017இல் வெளியிட்ட 1.7.13 பதிப்போடு நிறுத்திக்கொண்டது, அதற்குப் பிறகு வேறு கை எடுத்து நடத்தும் புதிய பதிப்புகள்தான் இப்போது வருகின்றன. பலர் இன்னும் அந்த 2017 பதிப்பையே வைத்துக்கொண்டு புதுப் படம் ஓடவில்லை என்கிறார்கள்.

சோதனை இவ்வளவுதான். ஓடாத ஃபைலை இன்னொரு பிளேயரில் திறங்கள். அப்புறம் நன்றாக ஓடும் என்று உங்களுக்குத் தெரிந்த ஒரு ஃபைலை முதல் பிளேயரில் திறங்கள்.

ஒன்றில் ஓடி இன்னொன்றில் ஓடவில்லையா? ஃபைலில் குறையில்லை, கம்ப்யூட்டரிலும் பெரும்பாலும் குறையில்லை, ஓடாத பிளேயரின் செட்டிங்ஸில்தான் தேட வேண்டும். இரண்டிலும் அந்த ஒரு ஃபைல் மட்டும் ஓடவில்லையா? ஃபைலைச் சந்தேகப்படுங்கள். விஎல்சியும் எம்பிவியும் படத்தைப் பிரித்துப் படிக்க எஃப்எஃப்எம்பெக் என்ற ஒரே கருவித்தொகுப்பைத்தான் பெருமளவு நம்பியிருக்கின்றன, அதனால் இரண்டும் சேர்ந்து கைவிட்ட ஃபைலை மூன்றாவது ஒரு பிளேயர் காப்பாற்றுவது அபூர்வம். எந்த ஃபைலும் எதிலும் சரியாக ஓடவில்லை என்றால் பிளேயரை விட்டுவிட்டு வீடியோ கார்டின் டிரைவர், சவுண்ட், ஹார்ட் டிஸ்க் பக்கம் போங்கள்.

அரை நிமிடம் ஆகும் இந்தச் சோதனையைச் செய்யாமல் மாலை முழுவதும் செட்டிங்ஸைக் கிளறியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், நானும் அப்படிக் கிளறியிருக்கிறேன்.

## ஃபைல் திறக்கவே இல்லை

### விண்டோஸின் சொந்தப் பிளேயரில் மட்டும் திறக்கவில்லை

"கோடெக் வாங்கவும்" என்று ஸ்டோருக்கு அழைத்துப் போகிறதா? கோடெக் என்பது சுருக்கி வைத்த படத்தையும் சத்தத்தையும் பிரித்துத் தரும் சிறு மென்பொருள். எச்.265 வகைப் படத்துக்கு மைக்ரோசாஃப்ட் ஒரு துணைநிரலைக் காசுக்கு விற்கிறது. படம் பார்க்க மட்டும்தான் என்றால் அதை வாங்க வேண்டாம். விஎல்சி, எம்பிவி இரண்டும் தேவையான கோடெக்குகளைத் தங்களுக்குள்ளேயே வைத்திருக்கின்றன. ஃபைல் மேல் வலது கிளிக் செய்து, "ஓப்பன் வித்" போய் விஎல்சியைக் காட்டி, "எப்போதும் இதிலேயே" என்பதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது.

மேக்கில் குவிக்டைம் எம்கேவி ஃபைலைத் திறக்காது, அது கோளாறு இல்லை, அதன் இயல்பே அப்படி. ஐஐஎன்ஏ அல்லது விஎல்சி போடுங்கள். லினக்ஸில் சில விநியோகங்கள் காப்புரிமைச் சிக்கலுக்காகச் சில கோடெக்குகளைச் சேர்க்காமலே வரும். அங்கே ஃபிளாட்பேக் என்ற நிறுவல் முறை வழியாக விஎல்சியை நிறுவினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

### எந்தப் பிளேயரிலும் திறக்கவில்லை

முதலில் ஃபைலின் அளவைப் பாருங்கள். இரண்டு மணிநேரப் படம் 40 எம்பி இருந்தால் அது முழுதாக இறங்கவே இல்லை. அளவு சரியாகத் தெரிந்தாலும் பெயரின் வால் "பார்ட்" என்றோ "சிஆர்டவுன்லோடு" என்றோ முடிகிறதா என்று பாருங்கள். வால் தெரியவில்லை என்றால் விண்டோஸ் ஃபைல் எக்ஸ்புளோரரில் வியூ மெனுவில் "ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்" என்பதை டிக் செய்யுங்கள். இதை எல்லோரும் நிரந்தரமாகவே டிக் செய்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன், காரணம் இன்னும் இரண்டு பத்தி தள்ளி இருக்கிறது.

பாதியில் நின்ற எம்பி4 ஃபைல் அனேகமாகத் திறக்காது. அதன் அட்டவணை பல நேரம் ஃபைலின் கடைசியில் இருக்கும், கடைசி வராவிட்டால் பிளேயருக்கு எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியாது. மறுபடி இறக்குவதுதான் வழி. எம்கேவி அப்படி இல்லை, வந்த வரைக்கும் ஓடும். பழைய ஏவிஐ ஃபைல் என்றால் விஎல்சியே "அட்டவணை உடைந்திருக்கிறது, சரிசெய்யவா?" என்று கேட்கும், சரி என்று சொல்லிவிடுங்கள். திறக்கிறது, ஆனால் நடுவே தாவ முடியவில்லை என்றால் எம்கேவிடூல்நிக்ஸ் என்ற இலவச மென்பொருளில் அந்த ஃபைலைப் போட்டு புதிய எம்கேவியாக எழுதச் சொல்லுங்கள். படத்தின் தரம் இம்மியும் மாறாது, உறை மட்டும்தான் மாறும்.

திறக்காதது கேமராவிலோ போனிலோ நீங்களே எடுத்த கல்யாண வீடியோ, குழந்தை வீடியோ என்றால், மறுபடி எடுக்க முடியாத அந்த ஒன்றுக்காக மட்டும், அந்த மெமரி கார்டில் இனி எதையும் எழுதாதீர்கள். ஒரு ஃபைலும் சேர்க்க வேண்டாம், ஃபார்மட் வேண்டாம், "ரிப்பேர் செய்யவா" என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லி கார்டை வெளியே எடுத்துத் தரவு மீட்பு தெரிந்தவரிடம் கொடுங்கள். நாமே நான்கு இலவச மென்பொருளை அதன் மேல் ஓட்டிய பிறகு கொண்டுபோனால் அவர்களாலும் குறைவாகத்தான் மீட்க முடியும்.

### "இதைப் பார்க்க இந்தப் பிளேயரை இறக்குங்கள்" என்கிறது

நிறுத்துங்கள். ஒழுங்கான வீடியோ எதுவும் தன்னைப் பார்க்கத் தனிப் பிளேயர் கேட்காது. பெயர் "படம்.எம்பி4" என்று தெரிந்தாலும் உண்மையான வால் "இஎக்ஸ்இ" ஆக இருக்கலாம், அதனால்தான் வாலைக் காட்டும் டிக் வேண்டும் என்றேன். அதை இரட்டைக் கிளிக் செய்தால் ஓடுவது படம் இல்லை, வைரஸ். ஏற்கெனவே கிளிக் செய்துவிட்டீர்கள் என்றால் இணையத்தைத் துண்டியுங்கள், விண்டோஸ் டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள், முக்கியமான பாஸ்வேர்டுகளை இன்னொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். அதற்குப் பிறகும் தெரியாத புரோகிராம்கள் தாமாக வந்து நிற்கின்றன என்றால் தெரிந்தவரைக் கொண்டு விண்டோஸை முழுதாக அழித்துப் போடுவதே நல்லது.

விஎல்சியை இறக்கும்போதும் தேடலில் முதலில் வருகிற விளம்பரத்தைத் தட்டாதீர்கள். அதை உருவாக்கும் அமைப்பின் பெயர் வீடியோலேன், அதன் சொந்தத் தளமான வீடியோலேன் டாட் ஆர்க்கில் மட்டும் எடுங்கள். இதே பெயரில் விளம்பர மென்பொருளைச் சேர்த்துக் கட்டிக் கொடுக்கும் இடங்கள் உண்டு.

## சத்தம் வருகிறது, திரை கறுப்பு

விஎல்சியில் வீடியோ மெனுவில் வீடியோ டிராக் "டிசேபிள்" ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இது சில நொடி வேலை. ஃபைல் உண்மையில் பாட்டு மட்டும்தானா என்றும் பார்க்க வேண்டும். கன்ட்ரோலும் ஜேவும் சேர்த்து அழுத்தினால் கோடெக் விவரம் வரும், அதில் வீடியோ என்ற வரியே இல்லையென்றால் உள்ளே படமே இல்லை.

வரி இருக்கிறது, படம் மட்டும் வரவில்லை, அல்லது பச்சையாக, கட்டம் கட்டமாகச் சிதறி வருகிறது என்றால் என் கை முதலில் போகும் இடம் இதுதான்: டூல்ஸ் மெனுவில் பிரிஃபரன்சஸ், அதில் இன்புட்/கோடெக்ஸ், அதில் "ஹார்டுவேர் ஆக்சிலரேட்டட் டீகோடிங்", அதாவது படத்தைப் பிரிக்கும் வேலையை வீடியோ கார்டிடம் விடும் வசதி. அதை டிசேபிள் செய்து சேமித்து, விஎல்சியை மூடித் திறங்கள். எம்பிவியில் படம் ஓடும்போதே கன்ட்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்தினால் இதே மாற்றம் உடனே நடக்கும். படம் வந்துவிட்டதா? அப்படியானால் வீடியோ கார்டின் டிரைவர்தான் குற்றவாளி. டிரைவரை இன்டெல், என்விடியா, ஏஎம்டி என்று கார்டைச் செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்து புதுப்பித்துவிட்டு, இதை மறுபடி ஆன் செய்து பாருங்கள். நிரந்தரமாக ஆஃப் செய்து வைத்தால் முழு வேலையும் பிராசஸர் தலையில் விழும், லேப்டாப் சூடாகும், பேட்டரி சீக்கிரம் தீரும்.

அதற்கும் மசியவில்லை என்றால் பிரிஃபரன்சஸில் வீடியோ பக்கத்தில் அவுட்புட் என்ற இடத்தில் ஆட்டோமேட்டிக்கை மாற்றி டைரக்ட்3டி9, ஓப்பன்ஜிஎல் என்று ஒவ்வொன்றாக முயலுங்கள். பிளேயரை மூடிய பிறகும் டெஸ்க்டாப்பில் கோடுகளும் புள்ளிகளும் தெரிகின்றன என்றால் இது மென்பொருள் விஷயமே இல்லை. வேறு கேபிள், வேறு மானிட்டர் போட்டுப் பாருங்கள், அதிலும் கோடு வந்தால் வீடியோ கார்டு சாகப் போகிறது, அதை டெக்னீஷியனிடம்தான் கொண்டுபோக வேண்டும்.

## படம் வருகிறது, சத்தம் இல்லை

சத்தம் எங்கே போகிறது என்று பாருங்கள். டிவியையோ மானிட்டரையோ எச்டிஎம்ஐயில் செருகிய அடுத்த நொடி விண்டோஸ் சத்தத்தை அங்கே திருப்பிவிடும், அந்த மானிட்டரில் ஸ்பீக்கரே இருக்காது. டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் படத்தைத் தட்டி சரியான கருவியைத் தேர்ந்தெடுங்கள். அதே இடத்தில் வால்யூம் மிக்ஸரைத் திறந்து அந்தப் பிளேயர் மட்டும் மியூட் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். விஎல்சிக்குத் தனியாக ஆடியோ மெனுவில் ஆடியோ டிவைஸ் என்று ஒன்று உண்டு, எப்போதோ ஹெட்போனுக்கு மாற்றியது அங்கேயே நின்றிருக்கலாம்.

சில படங்களில் மட்டும் சத்தம் இல்லை, மற்றவை சரியாக இருக்கின்றன என்றால் 'பி' (B) விசையை அழுத்தி ஆடியோ டிராக்கை மாற்றிப் பாருங்கள். டிவியில் இணைத்தபோது மட்டும் இப்படி ஆகிறது என்றால் பிரிஃபரன்சஸில் ஆடியோ பக்கத்தில் "பாஸ்த்ரூ" என்பதை டிசேபிள் செய்யுங்கள். அது ஆனில் இருந்தால் பிளேயர் சத்தத்தைப் பிரிக்காமல் அப்படியே டிவிக்கு அனுப்பும், டிடிஎஸ் வகைச் சத்தம் தெரியாத டிவி மௌனமாக நிற்கும்.

### சண்டைக் காட்சியில் வீடே அதிர்கிறது, பேச்சு மட்டும் கேட்கவில்லை

இதற்காக ஸ்பீக்கர் வாங்கியவர்களை எனக்குத் தெரியும், வாங்கியும் தீரவில்லை. ஆறு ஸ்பீக்கருக்காகக் கலந்த சத்தத்தை நாம் இரண்டு ஸ்பீக்கரில் கேட்கிறோம், பேச்சுக்கென்று இருக்கும் நடு ஸ்பீக்கர் நம்மிடம் இல்லை. முதலில் 'பி' (B) விசையால் ஸ்டீரியோ டிராக் ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள், இருந்தால் பிரச்சினை அங்கேயே முடிந்தது. இல்லையென்றால் டூல்ஸ் மெனுவில் "எஃபெக்ட்ஸ் அண்ட் ஃபில்டர்ஸ்" போய் ஆடியோ எஃபெக்ட்ஸில் கம்ப்ரஸரை எனேபிள் செய்யுங்கள். மெல்லிய சத்தம் ஏறும், பெரிய சத்தம் அடங்கும். இரவில் வீட்டில் மற்றவர்கள் தூங்கும்போது படம் பார்க்கிறவர்களுக்கு இந்த ஒரு டிக்கே போதும். வால்யூமை 100க்கு மேல் தள்ளி வைத்துப் பார்க்காதீர்கள். அங்கே சத்தம் பிசிறடிக்கும், சின்ன லேப்டாப் ஸ்பீக்கர் கிழியவும் கூடும்.

## படம் திக்கித் திக்கி ஓடுகிறது

எனக்கு வரும் போன்களில் மிகப் பிடிவாதமான கோளாறு இதுதான், நான்கு வேறு காரணங்கள் ஒரே முகத்தோடு வருகின்றன. எந்தப் படம், எங்கே இருக்கும் படம் என்ற இரண்டையும் கவனித்துக்கொண்டே போங்கள்.

### வெளி டிஸ்கிலோ பென் டிரைவிலோ இருக்கும் படம் மட்டும்

ஃபைலைக் கம்ப்யூட்டரின் உள் டிஸ்குக்கு நகலெடுத்து அங்கிருந்து ஓட்டுங்கள். சரியாக ஓடினால் பிளேயருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒருமுறை இந்தச் சோதனையைச் செய்யாமல் மூன்று பிளேயரை நிறுவி, டிரைவரைப் புதுப்பித்து, கடைசியில் யூஎஸ்பி கேபிளை மாற்றியதும் படம் தண்ணீர் மாதிரி ஓடியது. முதலில் கேபிளை மாற்றுங்கள், பிறகு துளையை மாற்றுங்கள், நடுவில் யூஎஸ்பி ஹப் இருந்தால் எடுத்துவிட்டு நேராகச் செருகுங்கள். யூஎஸ்பி 3 டிஸ்கை யூஎஸ்பி 2 துளையில் போட்டாலும் சாதாரணப் படம் ஓடத்தான் செய்யும், மிகப் பெரிய 4கே ஃபைல் வேண்டுமானால் திணறலாம்.

நகலெடுக்கும்போதே பாதியில் நின்று நின்று போகிறது, அல்லது டிஸ்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வருகிறது என்றால் படம் பார்ப்பதை அங்கேயே நிறுத்துங்கள். சத்தம் வரவில்லை, வெறும் தாமதம்தான் என்றால் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு டிஸ்கின் உடல்நிலையைப் பாருங்கள். அது "காஷன்" என்று மஞ்சள் காட்டினால் முக்கியமானதை உடனே வேறு டிஸ்குக்கு மாற்றுங்கள். சத்தம் போடும் டிஸ்கை மறுபடி மறுபடி ஆன் செய்யாமல் தரவு மீட்பவரிடம் கொடுங்கள். அதில் இருப்பது நீங்கள் மறுபடி இறக்கிக்கொள்ளக்கூடிய படங்கள் மட்டும் என்றால் அந்தச் செலவு தேவையில்லை, டிஸ்கை மாற்றினால் போதும்.

### வைஃபை வழியாக இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து ஓட்டும்போது மட்டும்

ஒரு லேன் கேபிளைப் போட்டுச் சோதியுங்கள். கேபிளில் சரியாக ஓடினால் வைஃபைதான். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறுங்கள். மாற முடியாவிட்டால் விஎல்சி பிரிஃபரன்சஸில் கீழே இடது மூலையில் "ஆல்" என்பதைத் தட்டி, இன்புட்/கோடெக்ஸில் நெட்வொர்க் கேச்சிங் என்ற எண்ணை 3000க்கு ஏற்றுங்கள். அது மில்லிவினாடிக் கணக்கு. படம் ஆரம்பிக்க மூன்று நொடி தாமதமாகும், பிறகு சின்னச் சின்னத் தடங்கல்களைத் தாங்கிக்கொள்ளும்.

### பழைய படங்கள் ஓடுகின்றன, புதிதாக வந்த பெரிய ஃபைல் மட்டும் திக்குகிறது

கன்ட்ரோலும் ஜேவும் அழுத்தி கோடெக் என்ன என்று பாருங்கள். மேக்கில் கமாண்டும் ஐயும். அதே சாளரத்தில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்ற பக்கத்தில் "லாஸ்ட்" என்ற எண் ஏறிக்கொண்டே போகிறதா என்றும் பாருங்கள், ஏறினால் கம்ப்யூட்டரால் அந்த வேகத்துக்குப் படத்தைப் பிரிக்க முடியவில்லை என்று பொருள்.

எச்.264 என்றால் 2003இல் வந்த வகை, கிட்டத்தட்ட எல்லாக் கம்ப்யூட்டரும் சிரமமில்லாமல் ஓட்டும். அதிலேயே 10 பிட் (நிறத்தை இன்னும் நுணுக்கமாகப் பதியும் வகை) என்று போட்டிருந்தால் பெரும்பாலான வீடியோ கார்டுகள் அதைத் தொடாது, பிராசஸரே இழுக்க வேண்டும். எச்.265, 2013இல் வந்தது. இன்டெல்லில் ஏழாம் தலைமுறை பிராசஸரிலிருந்து 10 பிட் எச்.265ஐயும் வீடியோ சில்லு முழுதாகப் பார்த்துக்கொள்ளும், அதற்கு முந்தையவற்றில் 10 பிட் 4கே திக்கலாம். ஏவி1 இன்னும் புதியது, 2018. அதற்கு வன்பொருள் உதவி இன்டெல் பதினோராம் தலைமுறை, என்விடியா ஆர்டிஎக்ஸ் 30 வரிசை என்ற அளவில்தான் தொடங்குகிறது.

இதையெல்லாம் பார்த்து உடனே புதுக் கம்ப்யூட்டர் வாங்கக் கிளம்பாதீர்கள். முதலில் ஹார்டுவேர் டீகோடிங் ஆட்டோமேட்டிக்கில் இருக்கிறதா என்று பாருங்கள், யாரோ ஒருமுறை ஆஃப் செய்தது அப்படியே இருக்கும். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸில் ஜிபியுவைத் தட்டினால் "வீடியோ டீகோட்" என்று ஒரு வரைபடம் தெரியும். படம் ஓடும்போது அது அசையவே இல்லை, சிபியு மட்டும் உச்சத்தில் நிற்கிறது என்றால் வீடியோ சில்லு சும்மா இருக்கிறது. அடுத்து பிளேயரைப் புதுப்பியுங்கள். வீடியோலேன் செய்த டேவிட் என்ற ஏவி1 பிரிப்பான் மிக வேகமானது, அது சேர்ந்த புதிய விஎல்சியில் 1080பி ஏவி1 படம் வன்பொருள் உதவியே இல்லாமல் சுமாரான கம்ப்யூட்டரிலும் ஓடிவிடும். மூன்றாவதாக எம்பிவியில் ஓட்டிப் பாருங்கள். என் அனுபவத்தில் பலம் குறைந்த கம்ப்யூட்டரில் விஎல்சி திணறும் ஃபைலை எம்பிவி பல முறை ஓட்டியிருக்கிறது, அதில் பட்டன்கள் குறைவு, விசைப்பலகையைப் பழகிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். எதுவும் முடியாவிட்டால் அதே படத்தின் 1080பி எச்.264 பதிப்பைத் தேடுங்கள், அல்லது ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் இரவு முழுவதும் விட்டு மாற்றிக்கொள்ளுங்கள். 1080பி திரையில் 4கே ஃபைலை ஓட்டிக் கஷ்டப்பட வேண்டியதே இல்லை.

### எந்தப் படமும் ஆரம்பத்தில் நன்றாக ஓடி, கால் மணிநேரம் கழித்துத் திக்குகிறது

சூடு. விசிறி இரைகிறதா, அடிப்பாகம் கொதிக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். லேப்டாப்பை மெத்தையிலிருந்து எடுத்து மேசையில் வையுங்கள், சார்ஜரைச் செருகுங்கள், பவர் மோடு சிக்கனத்தில் இருந்தால் மாற்றுங்கள். அப்படியும் நடந்தால் உள்ளே தூசி அடைத்திருக்கும். திறந்து சுத்தம் செய்து தெர்மல் பேஸ்ட் மாற்றுவது பழக்கமில்லாதவர் வேலை இல்லை, டெக்னீஷியனிடம் கொடுங்கள். பேட்டரி உப்பி அடிமூடி தூக்கிக்கொண்டிருந்தால் அன்றைக்கே கொடுங்கள், அதைச் சார்ஜ் போட வேண்டாம்.

## உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்

புளூடூத் ஹெட்போனா? வயர் ஹெட்போனைச் செருகிப் பாருங்கள், ஒட்டிவிட்டால் தாமதம் புளூடூத்தினுடையது. விஎல்சியில் 'ஜே', 'கே' விசைகள் சத்தத்தை 50 மில்லிவினாடி முன்னும் பின்னும் நகர்த்தும். உதட்டைப் பார்த்துக்கொண்டே நான்கைந்து முறை தட்டினால் சரியாகும்.

படம் முழுவதும் ஒரே அளவு விலகலா, போகப் போக அதிகமாகிறதா என்பதுதான் கிளை பிரியும் இடம். ஒரே அளவு என்றால் மேலே சொன்ன விசை போதும். போகப் போக அதிகமானால், இன்னொரு பிளேயரிலும் அப்படியே இருந்தால், ஃபைலை உருவாக்கியவர் செய்த பிழை. வேறு பதிப்பு தேடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

## சப்டைட்டில் தகராறுகள்

தமிழில் சப்டைட்டில் போட்டுப் பார்க்கிறவர்களுக்கு இதில் மூன்று வெவ்வேறு நோய் உண்டு, மூன்றுக்கும் மருந்து வேறு.

கட்டம் கட்டமாகத் தெரிகிறது. எழுத்துரு இல்லை. பிரிஃபரன்சஸில் சப்டைட்டில்ஸ் பக்கத்தில் ஃபான்ட் என்ற இடத்தில் தமிழ் உள்ள எழுத்துருவைக் கொடுங்கள். விண்டோஸில் நிர்மலா யுஐ அல்லது லதா, மேக்கில் தமிழ் சங்கம் எம்என், லினக்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ்.

புரியாத குறிகளும் ஆங்கில எழுத்துகளும் குவிந்து தெரிகின்றன. அதே பக்கத்தில் டீஃபால்ட் என்கோடிங்கை யுடிஎஃப்-8க்கு மாற்றுங்கள். மாறவில்லை என்றால் ஃபைலை நோட்பேடில் திறங்கள். அங்கே தமிழ் நன்றாகத் தெரிந்தால் "சேவ் ஆஸ்" கொடுத்து என்கோடிங்கில் யுடிஎஃப்-8ஐத் தேர்ந்தெடுத்துச் சேமித்தால் போதும். நோட்பேடிலும் குப்பையாகத் தெரிந்தால் அது பாமினி, டிஸ்கி போன்ற பழைய முறையில் தட்டச்சு செய்தது, எந்தப் பிளேயரை மாற்றினாலும் வராது. அந்த எழுத்தை யூனிகோடுக்கு மாற்றும் மாற்றியில் போட்டு எடுத்து, திரும்ப யுடிஎஃப்-8இல் சேமியுங்கள். மாற்றும்போது நேரக் குறியீடுள்ள வரிகள் கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வசன வரிகளை மட்டும் மாற்றுவது பாதுகாப்பு.

எழுத்து தெரிகிறது, ஆனால் கொம்பும் காலும் பிரிந்து நிற்கின்றன. பிளேயர் பழையது. புதிய விஎல்சி, அல்லது எம்பிவி. "கொ", "கௌ" எல்லாம் உடைந்து கிடக்கும் சப்டைட்டிலை அப்படியே பழகிப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவருக்கு ஒரு அப்டேட் கொடுத்ததும் தீர்ந்தது. பாவம், ஃபைலிலேயே தப்பு என்று நினைத்து இத்தனை காலம் பொறுத்திருக்கிறார்.

இந்த மூன்றும் தனி எழுத்து ஃபைலாக வரும் சப்டைட்டிலுக்குத்தான். டிவிடி, ப்ளூரேவிலிருந்து வருவது படமாகவே இருக்கும், அதற்கு எழுத்துரு மாற்ற முடியாது.

நேரம் தள்ளி வந்தால் விஎல்சியில் 'ஜி', 'எச்' விசைகள். போகப் போக விலகினால் அது வேறு வேகப் பதிப்புக்குச் செய்த சப்டைட்டில். நொடிக்கு 23.976 சட்டங்கள் ஓடும் படத்துக்கு 25 சட்டப் பதிப்பின் சப்டைட்டிலைப் போட்டால் இரண்டு மணிநேர முடிவில் கிட்டத்தட்ட ஐந்து நிமிடம் முந்திப் போயிருக்கும். சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் ஃபிரேம் ரேட்டை மாற்றிச் சேமித்தால் மொத்தமும் சரியாகும்.

## நிறம் வெளுத்துச் சாம்பல் பூத்தது போல் இருக்கிறது

ஃபைல் எச்டிஆர் (வெளிச்சமும் நிறமும் கூடுதலாகப் பதிந்த வகை), உங்கள் திரை சாதாரணம். அந்த நிறத்தை இந்தத் திரைக்கு இறக்கித் தரத் தெரியாத பிளேயர் வெளுப்பாகக் காட்டும். எம்பிவி இதை நன்றாகச் செய்கிறது, விஎல்சி 3உம் செய்யும். விண்டோஸ் செட்டிங்ஸில் எச்டிஆர் தெரியாமல் ஆனாகியிருந்தால் ஆஃப் செய்யுங்கள், அப்போது டெஸ்க்டாப்பும் பளிச்சென்று ஆகும்.

## டிவிடி, ப்ளூரே ஓடவில்லை

விண்டோஸ் 8 முதல் டிவிடி படம் ஓட்டும் வசதி விண்டோஸோடு வருவதில்லை, விஎல்சி போட்டால் ஓடும். தட்டை நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் மென்துணியால் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். வட்டார எண் (தட்டு உலகின் எந்தப் பகுதிக்கானது என்று காட்டும் எண்) மாற்றச் சொல்லிக் கேட்டால் அவசரப்பட்டுச் சரி சொல்ல வேண்டாம், ஒரு டிரைவில் ஐந்து முறைதான் மாற்றலாம், அதற்குப் பிறகு கடைசியாக வைத்ததிலேயே பூட்டிக்கொள்ளும். கடையில் வாங்கும் ப்ளூரேக்களின் பூட்டை விஎல்சி தானாகத் திறக்காது, அதற்கு உரிமம் பெற்ற காசுப் பிளேயர்தான். எந்தத் தட்டையுமே டிரைவ் படிக்கவில்லை என்றால் பழுது பார்ப்பதைவிட வெளியே செருகும் டிரைவ் வாங்குவது மலிவு.

## பிளேயர் தானாக மூடிக்கொள்கிறது, அல்லது எதை மாற்றினோம் என்றே தெரியவில்லை

விஎல்சி பிரிஃபரன்சஸில் கீழே "ரீசெட் பிரிஃபரன்சஸ்" இருக்கிறது. அழித்து நிறுவுவதற்கு முன் அதைத் தட்டுங்கள். அழித்துப் போட்டாலும் பழைய செட்டிங்ஸ் ஒளிந்திருந்து திரும்ப வரலாம், ரீசெட் செய்தால் வராது.

எம்பிசி வகைப் பிளேயர் மட்டும் கவிழ்கிறது, கம்ப்யூட்டரில் கோடெக் பேக் ஒன்றும் இருக்கிறது என்றால் அந்தப் பேக்கை நீக்கிப் பாருங்கள். கே-லைட் போல ஒழுங்கானவை உண்டு, ஆனால் இரண்டு பேக்குகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் ஒன்றுக்கொன்று மல்லுக்கட்டும். விஎல்சிக்கும் எம்பிவிக்கும் எந்தப் பேக்கும் வேண்டாம்.

## டெக்னீஷியனிடம் போகிறீர்கள் என்றால்

"படம் ஓடல" என்று மட்டும் சொன்னால் அவர் முதலில் செய்வது விண்டோஸை அழித்துப் போடுவதாகத்தான் இருக்கும், அதில் உங்கள் ஃபைல்களும் போகலாம். எந்த இரண்டு பிளேயரில் முயன்றீர்கள், ஹார்டுவேர் டீகோடிங்கை ஆஃப் செய்தபோது என்ன ஆனது, உள் டிஸ்கிலிருந்து ஓட்டியபோது என்ன ஆனது, எத்தனை நிமிடத்தில் தொடங்குகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கோடெக் விவரச் சாளரத்தைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமானவற்றை நகலெடுத்து வீட்டிலேயே வைத்துவிட்டு, தகராறு செய்யும் அந்த ஃபைலையும் நன்றாக ஓடும் ஒரு ஃபைலையும் பென் டிரைவில் போட்டுக் கூடவே கொண்டு போங்கள்.